7 அடிக் கதவும் 2 மீட்டர் வேனும்: அமெரிக்கப் புறநகர் கராஜுக்குள் அடங்கும் கேம்பர் வேனைத் தேர்ந்தெடுத்தல்

அமெரிக்கப் புறநகர்களில் கேம்பர் வேன் வாங்குவோர் பலர் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள்: கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், எத்தனை பேர் படுக்கலாம். வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. குடியிருப்பு சங்க (எச்.ஓ.ஏ.) விதிகள் உள்ள வீட்டில் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி கேம்பர், ஆர்.வி. (பயண வீட்டு வண்டி) போன்றவற்றை டிரைவ்வேயில் (வீட்டுக்கு முன்னுள்ள வண்டிப் பாதையில்) நிறுத்தக் கூடாது, ஏற்றி இறக்க ஓரிரு நாள் மட்டும் அனுமதி என்பது அந்தச் சங்கங்கள் பலவற்றின் விதி. அப்படிப்பட்ட வீட்டில் கராஜ் கதவின் உயரம்தான் வேனைத் தேர்ந்தெடுக்கிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது மிகப் பரவலாகக் காணப்படும் கராஜ் அமைப்பு. இரண்டு கார் நிற்கும் கராஜ். 16 அடி அகலம், 7 அடி உயரத்தில் (488 × 213 செ.மீ.) ஒரே கதவு. உள்ளே 20 அடி (610 செ.மீ.) ஆழம், 8 அடி (244 செ.மீ.) கூரை. பின்சுவரின் இடது மூலையில், 45 செ.மீ. மேடை மேல் கேஸ் வாட்டர் ஹீட்டர். டிரைவ்வே கராஜிலிருந்து தெருவை நோக்கிச் சுமார் 8 சதவீதம் இறங்குகிறது. இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை படுக்க வேண்டும். பக்கத்தில் தினசரி ஓட்டும் செடான் ஒன்றும் நிற்க வேண்டும்.

213 என்பது உண்மையில் எவ்வளவு

கதவின் பெயரளவு உயரம் 213 செ.மீ. அவ்வளவும் வேனுக்குக் கிடைக்காது. முழுவதும் திறந்த நிலையிலும் கதவின் கடைசிப் பலகையும் அடியிலுள்ள ரப்பர் பட்டையும் லிண்டலுக்கு (வாசலின் மேல் விட்டத்துக்கு) கீழே 2 முதல் 5 செ.மீ. வரை தொங்குவது சாதாரணம். மோட்டாரின் மேல் வரம்பைச் சரியாக அமைத்தால் இதில் பெரும்பகுதி மீண்டும் கிடைத்துவிடும். மோட்டார்ப் பெட்டியிலேயே அதற்கான திருகோ பொத்தானோ இருக்கும், செலவே இல்லை. ஆனால் ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். கதவுக்கு மேலே குறுக்காக இருக்கும் டார்ஷன் ஸ்பிரிங் எப்போதும் முறுக்கேறியே இருக்கும். கை எலும்பை உடைக்கும் விசை அதில் உண்டு. அது தொழில்நுட்பரின் வேலை.

16 அடி அகலக் கதவின் மேலுள்ள விட்டம் நடுவில் ஓரிரு சென்டிமீட்டர் தொய்ந்திருக்கக்கூடும். அதனால் ஓரத்தில் மட்டும் அளந்துவிட்டுப் போகக் கூடாது. வேன் நுழையும் தடத்தின் இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும், கதவு மோட்டாரால் திறந்த நிலையில் (கையால் தூக்கிய நிலையில் அல்ல) தரையிலிருந்து ரப்பர் பட்டையின் அடி வரை அளக்க வேண்டும். மூன்றில் சிறியதே உங்கள் எண். இந்த அமைப்பில் அதை 210 என்று வைத்துக்கொள்வோம்.

அந்த 210இலிருந்து குறைந்தது 5 செ.மீ. கழிக்க வேண்டும். காரணங்கள் பலவும் சிறியவை, ஆனால் சேர்ந்து வருபவை. தயாரிப்பாளர் தரும் உயரம் ஒரு குறிப்பிட்ட எடைக்கும் குறிப்பிட்ட டயர் அளவுக்கும் உரியது. டயர் மாற்றினால் மாறும். குளிர்ப் பிரதேசத்தில் வாசலில் உறைந்த பனிக்கட்டி 2, 3 செ.மீ. உயர்த்திவிடும். எல்லாவற்றிலும் கவனிக்கத் தவறுவது இது: பயணம் முடிந்து சாமான்களோடு உள்ளே வந்த வேன், தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து பெட்டிகளை இறக்கியதும், அதே இடத்தில் நின்றபடியே பின்பக்கம் ஓரிரு சென்டிமீட்டர் எழும்பும். வரும்போது சிரமமில்லாமல் நுழைந்த வண்டி வெளியே போகும்போது உரசுவது இதனால்தான்.

ஆக, இலக்கு: கூரை மேல் உள்ள எல்லாவற்றையும் சேர்த்து 205 செ.மீ. மனதில் 200 என்று வைத்துக்கொண்டு தேடினால் நிம்மதி.

சரிவு செய்யும் வேலை

உயரத்தை மட்டும் பார்த்து வாங்கியவர்களைச் சிக்க வைப்பது டிரைவ்வேயின் சரிவு. கணக்கு எளிது. டிரைவ்வே கராஜை நோக்கிக் கீழே இறங்கினால் வாசலில் ஒரு பள்ளம் உருவாகிறது. முன்சக்கரம் உள்ளே சமதளத்திலும் பின்சக்கரம் வெளியே மேட்டிலும் இருக்கும்போது, வண்டியின் நடுப்பகுதி வாசல் தரையிலிருந்து வழக்கத்தைவிட உயரமாகத் தூக்கி நிற்கும். வாசல் சரியாக இரு சக்கரங்களுக்கும் நடுவே வரும்போது இந்த ஏற்றம் உச்சம்:

சரிவு × வீல்பேஸ் ÷ 4

வீல்பேஸ் என்பது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம். 10 சதவீதச் சரிவு, 3.2 மீட்டர் வீல்பேஸ் என்றால் 0.10 × 320 ÷ 4 = 8 செ.மீ. 200 செ.மீ. வேன் அந்த நொடியில் 208 ஆகிவிடுகிறது. மூக்கு நுழைந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று ஓட்டுநர் நினைக்கும் இடத்தில்தான் கூரை இடிக்கும். நீளமான வீல்பேஸ் உள்ள வேனில் இழப்பு இன்னும் கூடும். கராஜை நோக்கி இறங்கும் டிரைவ்வே உள்ள வீட்டில் 7 அடிக் கதவுக்கு பாப்-டாப் வேன் (கூரையை மேலே தூக்கினால் துணிச்சுவரோடு படுக்கும் இடம் விரியும் வகை) வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடாமல் இருக்கக் கூடாது.

நம் அமைப்பில் சரிவு எதிர்த்திசை. தெருவிலிருந்து ஏறி உள்ளே வர வேண்டும். வாசல் ஒரு மேடு. லிண்டலுக்கு அடியில் இது சாதகமே, அதே சூத்திரப்படி 6.4 செ.மீ. கூடுதல் இடைவெளி கிடைக்கிறது. ஆனால் அந்த 6.4 செ.மீ. வண்டியின் வயிற்றிலிருந்து வருகிறது. கேம்பராக மாற்றும்போது அடியில் கழிவுநீர்த் தொட்டி, கூடுதல் பேட்டரிப் பெட்டி என்று தொங்கவிட்டால், வாசல் மேட்டில் முதலில் உரசுவது அதுதான். அடியில் வடிகால் வால்வு எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பார்த்தே வாங்க வேண்டும்.

மேட்டு வாசலில் இன்னொன்றும் உண்டு. வண்டி முழுக்கச் சரிவில் இருக்க, உள்ளே முதலில் நுழையும் பகுதி சக்கரத்துக்கு அப்பால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்த நீளத்தைச் சரிவால் பெருக்கிய அளவு மேலே தூக்கும். ரிவர்ஸில் நுழைந்தால் பின்பக்க நீட்டம் ஏறக்குறைய 1 மீட்டர். 8 சதவீதத்துக்கு 8 செ.மீ. இது லிண்டலைத் தாண்டிய பிறகு நடப்பதால் கதவில் இடிக்காது. உள்ளே தொங்கும் விளக்கு, சைக்கிள் கொக்கி, கூரை அலமாரி ஆகியவற்றில்தான் இடிக்கும். கராஜ் தரையே தண்ணீர் வடிய வாசலை நோக்கி 1 சதவீதம் போலச் சாய்ந்திருக்கும் என்பதால், 6 மீட்டர் உள்ளே போகும்போது தரை 6 செ.மீ. உயர்ந்து, கூரையோடு உள்ள இடைவெளி அவ்வளவு குறைகிறது.

இந்தக் கணக்குகளை நம்பியே காசு கொடுக்க வேண்டாம். முக்கால் அங்குல பி.வி.சி. குழாயில் 205 செ.மீ. உயரத்துக்கு ‘ப’ வடிவச் சட்டம் ஒன்று செய்து, விற்பவரிடம் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்வதற்கு முன்பே வாசலிலும் உள்ளேயும் நகர்த்திப் பார்க்கலாம். எங்கெங்கே தட்டுகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். சரிவின் பாதிப்பை மட்டும் சட்டம் காட்டாது. அதற்குக் கணக்கும், கடைசியில் உண்மையான வண்டியும்தான்.

நீளமும் எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதும்

610 செ.மீ. ஆழம் தாராளம் போலத் தெரியும். வாட்டர் ஹீட்டர் இருக்கும் இடது பக்கத்தில் அது 545தான். 5.14 மீட்டர் வேன் அங்கே நின்றால் முன்னும் பின்னும் சேர்த்து 31 செ.மீ. மிச்சம். ஆள் நடக்க முடியாது. ஹீட்டருக்கு அருகே இருக்க வேண்டிய இடைவெளியும் போய்விடும்.

எனவே வலது பக்கம். அமெரிக்க வேன்களில் ஒரே ஒரு ஸ்லைடிங் கதவு என்றால் அது வண்டியின் வலப்புறம்தான். மூக்கை உள்ளே விட்டு வலப்பக்கம் நிறுத்தினால் அந்தக் கதவு சுவரைப் பார்த்துத் திறக்கும், பயனில்லை. ரிவர்ஸில் நுழைத்தால் வண்டியின் வலப்புறம் கராஜின் நடுவை நோக்கி வந்துவிடும்: செடான் வெளியே போயிருக்கும் நேரத்தில் கதவைத் திறந்து வைத்து, கட்டிலை விரித்து, ஃப்ரிட்ஜை நிரப்பி, எல்லா வேலையும் செய்யலாம். ஹீட்டர் வலது மூலையில் இருந்தால் அப்படியே மாற்றி, இடது பக்கத்தில் மூக்கு முன்னாக.

அகலத்தில் பிரச்சினை இல்லை. மிரர்களோடு 224 செ.மீ. வேனும், மிரர்களோடு 210 செ.மீ. வாக்கில் வரும் செடானும் 488க்குள் அடங்குகின்றன. மிரரை மடித்தால் இன்னும் எளிது.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஒற்றைக் கதவா, பக்கவாட்டில் திறக்கும் இரட்டைக் கதவா என்பது வாங்கும்போது கவனிக்க வேண்டியது. மேல்நோக்கித் திறப்பதற்குப் பின்னால் 1 மீட்டருக்கும் மேல் வேண்டும். நம் கராஜில் வேனுக்குப் பின்னால் 80 செ.மீ. மட்டுமே கிடைக்கும். இரட்டைக் கதவென்றால் ஒன்றை மட்டும் திறந்து சமாளிக்கலாம். மழையில் முகாமிடும்போது மேல்கதவு பந்தலாக உதவும் என்பது உண்மை. ஆனால் வண்டி வருடத்தின் பெரும்பாலான நாட்களைக் கழிப்பது கராஜில்.

வண்டிகள்

பெரிய வேன்களை இங்கேயே கழித்துவிடலாம். மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் தாழ்ந்த கூரையிலேயே 245 செ.மீ. வாக்கில், உயர்ந்த கூரை 280. ராம் புரோமாஸ்டர் தாழ்ந்த கூரை சுமார் 229, உயர்ந்தது 256க்கு மேல். இவை பற்றி 7 அடிக் கதவுக்காரர் யோசிக்கவே வேண்டியதில்லை.

ஏமாற்றக்கூடியது ஃபோர்டு டிரான்சிட்டின் தாழ்ந்த கூரை வகை. 130 அங்குல வீல்பேஸ் வண்டியின் உயரம் 209 முதல் 212 செ.மீ. வரை. ‘7 அடிக்குள் வரும்’ என்று சொல்லியே விற்கப்படுகிறது. காகிதத்தில் 84 அங்குலத்தைவிடக் குறைவுதான். நம் 210 அளவில் அது நுழையாது, நுழைந்தாலும் கூரை மேல் ஒரு ஃபேன்கூட வைக்க முடியாது. நீளம் 559 செ.மீ. என்பதும் சேர, பின்னால் மிஞ்சுவது அரை மீட்டர்.

மறுமுனையில் மினிவேன்கள். டொயோட்டா சியன்னா, கிரைஸ்லர் பசிஃபிகா, ஹோண்டா ஒடிசி மூன்றும் உயரம் 175 முதல் 180 செ.மீ., நீளம் 5.2 மீட்டர் சுற்று. 2021 முதல் சியன்னா ஹைப்ரிட் மட்டுமே. தேவைப்படும்போது மட்டும் எஞ்சின் தானாக ஓடி பேட்டரியை நிரப்பி, இரவெல்லாம் ஏசி ஓட்ட உதவுவதால் படுக்கும் வண்டியாக அதற்கு நல்ல மதிப்பு. பின்னிருக்கைகளைக் கழற்றி, பலகைக் கட்டிலும் இழுப்பறைச் சமையல் பெட்டியும் வைத்தால் இருவருக்குப் போதும். மூவருக்குப் போதாது, நிமிர்ந்து நிற்கவும் முடியாது. நிசான் என்.வி.200 (நீளம் 473, உயரம் 187 செ.மீ.) இன்னும் சிறியது, கராஜுக்கு மிக எளிது. அமெரிக்காவில் 2021க்குப் பிறகு புதிதாக இல்லை. அதில் பாப்-டாப் வைத்து மாற்றித் தருவோரும் உண்டு. 131 குதிரைத்திறன் எஞ்சினும் சி.வி.டி. (படிகள் இல்லாத தானியங்கி) கியரும் மலைப்பாதையில் மூச்சு வாங்கும்.

மூவர் படுக்க வேண்டும், 205க்குள் வர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைக்கும் பொருந்துவது நடுத்தர உடலும் பாப்-டாப் கூரையும்தான். ஐரோப்பாவில் இதற்காகவே அளந்து செய்த வண்டிகள் உள்ளன: ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்னியா டி6.1 உயரம் 199 செ.மீ., மெர்சிடிஸ் மார்கோ போலோ 198. அங்குள்ள பல கார் நிறுத்தங்களில் 2 மீட்டர் உயரத் தடை இருப்பது இந்த எண்களுக்குப் பின்னால் உள்ள காரணம். கலிஃபோர்னியா அமெரிக்காவில் விற்கப்படவில்லை. ஆனால் மார்கோ போலோவின் அதே அடிப்படை உடல் இங்கே மெட்ரிஸ் என்ற பெயரில் 2016 முதல் 2023 மாடல் வரை வந்தது. நீளம் 514 செ.மீ. (126 அங்குல வீல்பேஸ்), உயரம் 191, மிரர் இல்லாமல் அகலம் 193, 208 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், பின்சக்கர இயக்கம். பாப்-டாப் பொருத்திய மெட்ரிஸ் பெரும்பாலும் 2 மீட்டரை ஒட்டியே நிற்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதால் வாங்கும் வண்டியையே நாடாவால் அளக்க வேண்டும்.

இந்த அமைப்புக்கு எங்கள் தேர்வு அதுதான்: 126 அங்குல வீல்பேஸ் மெட்ரிஸ், பாப்-டாப், பின்னால் இரட்டைக் கதவு. 135 அங்குல வீல்பேஸ் 537 செ.மீ. நீளம், உள்ளே இடம் கூடும், ஆனால் பின்னால் நடக்கும் வழி போய்விடும். குறைகளும் தெரிந்தே எடுக்க வேண்டும். அமெரிக்க மெட்ரிஸில் நான்கு சக்கர இயக்கம் கிடையாது, பனிமலைப் பக்கம் போகிறவர்கள் குளிர்கால டயருக்கும் சங்கிலிக்கும் பணம் ஒதுக்க வேண்டும். பிரீமியம் பெட்ரோல் கேட்கும். புது வண்டி இனி இல்லை என்பதால் பழையதில் பூக்கடை, கூரியர் வேலைக்கு ஓடியவைதான் அதிகம். ஸ்லைடிங் கதவின் உருளையையும் பின்கதவுக் கீலையும் பார்த்து வாங்குங்கள்.

கூரை மேல் எதை வைக்கக் கூடாது

200 செ.மீ. வண்டியை வாங்கிவிட்டு அதன் மேல் 13 செ.மீ. பொருளை ஏற்றி 213 ஆக்குவது நடக்கிற காரியம். கூரை வென்ட் ஃபேன் மூடிய நிலையிலேயே 10 செ.மீ.க்கு மேல். கூரை ஏசி 20 முதல் 35 வரை. அது இந்த வண்டிக்கு இல்லவே இல்லை. 35 மி.மீ. தடிமனுள்ள சோலார் பேனல் ‘இசட்’ பிராக்கெட்டோடு 6 செ.மீ. ஆகிறது. ஒட்டும் வகைப் பேனல் சில மில்லிமீட்டர்தான், ஆனால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் சூடாகி உற்பத்தி குறையும், ஆயுளும் குறையும். பாப்-டாப்பின் மேல் எடை கூடினால் கூரையைத் தூக்கும் கேஸ் ஸ்டிரட்டுகள் (வாயு அடைத்த தாங்குகோல்கள்) தாங்காமல் இரவில் மெல்ல இறங்கும்.

கராஜில் நிற்கும் வண்டிக்குக் கூரைப் பேனல் வெயிலையே பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால் முடிவு தெளிவு: மடக்கும் 100 முதல் 200 வாட் பேனல் ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டு, முகாமில் தரையில் விரிப்பது. வீட்டில் இருக்கும்போது கராஜ் சுவரின் 120 வோல்ட், 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து சார்ஜ். தொடர்ந்து இழுக்கக்கூடிய உச்ச அளவு அதன் 80 சதவீதம், அதாவது 1440 வாட். அதே சர்க்யூட்டில் ஃப்ரீசர் இருந்தால் பிரேக்கர் விழும்.

கராஜுக்குள் வந்த பிறகு

புரொப்பேன் சிலிண்டர் வண்டிக்குள் இருக்கக் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். அதே கராஜில் வாட்டர் ஹீட்டரின் தீ இருக்கிறது. சிறிய சிலிண்டரானாலும் பயணம் முடிந்ததும் வெளியே, நிழலான, காற்றோட்டமான இடத்தில். இதனால்தான் கராஜ் வேனுக்கு இண்டக்‌ஷன் அடுப்பும் பெட்ரோல் ஹீட்டரும் நல்ல இணை. அந்த ஹீட்டரையும் எஞ்சினையும் கராஜுக்குள் ஓட்டிப் பார்க்கவே கூடாது; கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் ஏறும்.

பாப்-டாப் துணி பற்றி விற்பவர்கள் சொல்வதில்லை. மழையில் நனைந்த துணியை மடித்து மூடினால் ஓரிரு நாளில் பூஞ்சை கரும்புள்ளியாகத் தொடங்கும். உயர்த்திய பாப்-டாப் 2.8 மீட்டரைத் தாண்டும், 244 செ.மீ. கூரை கொண்ட கராஜில் அதை முழுக்கத் திறக்கவே முடியாது. வீடு திரும்பிய அன்றே டிரைவ்வேயில் உயர்த்தி உலர்த்திய பிறகுதான் உள்ளே விட வேண்டும். சங்க விதியில் ‘ஏற்றி இறக்க’ எவ்வளவு நேரம் என்று எழுதியிருப்பது இதற்காகத்தான் தேவைப்படுகிறது. வெயில் இல்லாவிட்டால், இடமுள்ள 30, 40 செ.மீ.க்கு உயர்த்தி, மேஜை மின்விசிறியை உள்ளே ஓடவிட்டுச் சமாளிக்கலாம், ஆனால் மடிப்புகளை இரண்டு முறையாவது மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, கதவின் ஃபோட்டோ சென்சார், அதாவது வாசலின் குறுக்கே ஒளிக்கதிர் அனுப்பித் தடையை உணரும் கருவி. பாதுகாப்பு விதிப்படி அது தரையிலிருந்து 15 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தையும் நாயும் தெரிவதற்கான உயரம் அது. வேனின் மூக்கோ பின்புறமோ கதவுக் கோட்டில் நீட்டிக்கொண்டு நின்றால், கதிர் பம்பருக்கு அடியில் தடையின்றிப் போய்விடும். கதவு இறங்கி பானெட்டில் பட்ட பிறகுதான் திரும்பும். தரையில் சக்கரத் தடுப்புக் கட்டை ஒன்றைத் திருகிவிட்டால் வண்டி தினமும் ஒரே இடத்தில் நிற்கும்.

கூரை கதவில் இடிப்பது பெரும்பாலும் கதவு முழுதும் ஏறும் முன் வண்டியை நகர்த்துவதால் வருகிறது. வாசலுக்கு 2 மீட்டர் முன்னால், 205 உயரத்தில் இரு கயிறுகளில் ஒரு குழாயைத் தொங்கவிடுவது உதவும். கூரையில் மறந்து விட்ட சர்ஃப்போர்டும் பெட்டியும் அதில் சத்தமாகத் தட்டும். தனித்தனி ஒற்றைக் கதவுகள் உள்ள கராஜில் மோட்டாரின் சிவப்பு அவசரக் கயிறு வேனின் தடத்துக்கு நேர் மேலே 180 செ.மீ. உயரத்தில் தொங்கும். அது கூரை விளிம்பில் மாட்டி இழுபட்டால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். சுவரில் பொருத்தும் பக்கவாட்டு மோட்டாருக்கு மாறினால் நடு ரயிலும் அந்தக் கயிறும் தடத்திலிருந்து போய்விடும்.

கதவையே உயர்த்த முடியுமா

7 அடிக் கதவை 8 அடியாக்க, லிண்டல் விட்டத்தை மேலே தூக்க வேண்டும். அது மேல்மாடியையோ கூரைச் சட்டங்களையோ தாங்கும் விட்டம். அனுமதி, கட்டமைப்புப் பொறியாளர், புதுக் கதவு, புது ஸ்பிரிங் எல்லாம் சேரும். 8 அடிக் கூரை உள்ள நம் கராஜில் கதவு மடங்கிப் போக இடமே இல்லாததால் இது நடக்காது. 9, 10 அடிக் கூரை இருக்கிறவர்கள் விலை கேட்டுப் பார்க்கலாம்.

வீடே இனிதான் கட்டப் போகிறது என்றால், வரைபடம் முடிவாகும் முன் 8 அடிக் கதவு கேளுங்கள். 244இல் தாழ்ந்த கூரை டிரான்சிட் தாராளமாக நுழையும், புரோமாஸ்டர் தாழ்ந்த கூரையும் 229இல் வரும். ஆழத்தையும் 22 அடிக்குக் கூட்டச் சொல்லுங்கள். ஸ்பிரிண்டர் வேண்டும் என்பவர்கள் 10 அடிக் கதவும் அதற்கேற்ற கூரையும் கேட்க வேண்டும். அதைச் சங்கத்தின் கட்டட விதிகள் முகப்பில் அனுமதிக்கின்றனவா என்று முதலில் படித்துவிடுங்கள்.